ஆங்கிலக் காரண காரிய இணைப்புச்சொற்கள்: ஏலமலைத் தொழில்சார் எடுத்துக்காட்டுகளின்வழி ஓர் ஒப்புநோக்கு

முன்னுரை

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தின் முதன்மை மையங்களுள் ஒன்றாகும். ஏலமலைச் சரிவுகளில் விளையும் காய்கள் இங்கும் கேரளத்தின் புற்றடியிலும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலத்தின்வழி விற்பனையாகின்றன. வளைகுடா நாடுகள் வரை செல்லும் இச்சரக்கைக் குறித்த அயல்நாட்டு வணிகக் கடிதங்கள் ஆங்கிலத்தில் அமைவது வழக்கம். அவற்றில் காரணமும் காரியமும் இடம் மாறினால், பிழை இலக்கணத்தோடு நிற்பதில்லை. இழப்புக்குப் பொறுப்பு எது என்பதும் மாறிவிடுகிறது. தமிழ்வழி பயின்றோர் இவ்விடத்தில் இடறுவதற்கான மொழியியல் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரே உருபும் இரு அமைப்புகளும்

நன்னூல் ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களுள் ஏதுவையும் ஒன்றாகச் சுட்டுகிறது. இக்காலத் தமிழில் அப்பொருளை ‘ஆல்’ உருபே பெரிதும் ஏற்கிறது. தொடர்மழைக் காலத்தில் ஏலத்தைத் தாக்கும் அழுகல் நோயைச் சான்றாகக் கொள்ளலாம். ‘மழையால் காய் அழுகியது’ என்பதில் உருபு பெயரோடு சேர்கிறது. ‘மழை பெய்ததால் காய் அழுகியது’ என்பதில் வினையடியாகப் பிறந்த பெயரோடு சேர்கிறது. தமிழுக்கு இரண்டிலும் உருபு ஒன்றே. ஆங்கிலமோ பெயர்த்தொடருக்கு முன் ‘பிகாஸ் ஆஃப்’ என்பதையும், எழுவாயும் பயனிலையும் கொண்ட தொடருக்கு முன் ‘பிகாஸ்’ என்பதையும் வேண்டுகிறது. இவ்வேறுபாடு தாய்மொழியில் இன்மையால் ‘பிகாஸ் த ரெயின்’ என்று எழுதும் பிழை நேர்கிறது. ‘பிகாஸ் ஆஃப் த ரெயின்’ என்பதே திருந்திய வடிவம்.

இணைப்புச்சொல்லின் இடம்

தமிழில் காரணக்குறி காரணத்தொடரின் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் அதன் தொடக்கத்தில் நிற்கும். ‘நிறம் மங்கியதால் விலை குறைந்தது’ என்னும் தொடரில் ‘ஆல்’ இரு செய்திகளுக்கும் இடையில் அமைகிறது. அதே இடத்தில் ‘பிகாஸ்’ என்பதை வைத்தால், ‘த கலர் ஃபேடட் பிகாஸ் த பிரைஸ் ஃபெல்’ என்றாகி, விலை வீழ்ந்ததே நிறம் மங்கக் காரணம் என்று பொருள்படும். ‘த பிரைஸ் ஃபெல் பிகாஸ் த கலர் ஃபேடட்’ என்பதே சரி. காரணத்தை முதலில் கூற வேண்டின், ‘பிகாஸ்’ தொடரின் தலைப்பில் வர வேண்டும்.

மேற்கண்ட பிழையைப் படிப்பவர் பொது அறிவால் திருத்திக்கொள்வார். ஆயின் ‘வரத்துக் குறைந்ததால் ஏலம் தள்ளிவைக்கப்பட்டது’, ‘ஏலம் தள்ளிவைக்கப்பட்டதால் வரத்துக் குறைந்தது’ ஆகிய இரண்டும் நிகழக்கூடியவை. இத்தகைய இடத்தில் நேரும் மாற்றம் பிழையென்றே தோன்றாது. தவறான செய்தி மெய்யாகவே ஏற்கப்படும்.

காரியத்தைச் சுட்டும் சொற்கள்

‘எனவே’, ‘ஆகையால்’ ஆகியவற்றுக்கு இணையாக ‘சோ’, ‘தேர்ஃபோர்’ ஆகியன வழங்குகின்றன. ‘சோ’ காற்புள்ளிக்குப் பின் இரு தொடர்களை இணைக்கும். ‘தேர்ஃபோர்’ முறைசார் நடைக்குரியது. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ அதற்கு முன் வேண்டும். ஒரே காரண காரிய உறவுக்கு ‘பிகாஸ்’, ‘சோ’ இரண்டையும் ஒரு வாக்கியத்தில் இடுதல் மிகை.

காரணமும் நிபந்தனையும்

ஏலக்காய் முழுதும் பழுக்கும் முன்னரே பறிக்கப்பட்டு, ஏறத்தாழ 45 முதல் 55 பாகை செல்சியசு வெப்பத்தில் உலர்த்தப்படுகிறது. ‘காய் மிகப் பழுத்தால் உலர்த்தும்போது வெடிக்கும்’ என்பது எச்சரிக்கை. ‘காய் மிகப் பழுத்ததால் வெடித்தது’ என்பது நிகழ்ந்த இழப்பின் விளக்கம். ஓரெழுத்தால் வேறுபடும் இவற்றுள் முன்னதற்கு ‘இஃப்’, பின்னதற்கு ‘பிகாஸ்’ உரியது. ‘சின்ஸ்’ என்பது காரணத்தையும், ‘அதுமுதல்’ என்னும் காலப்பொருளையும் தருவதால், ஐயம் எழும் இடத்தில் ‘பிகாஸ்’ என எழுதுதல் தெளிவு தரும்.

முடிவுரை

எழுதிய வாக்கியத்தை நோக்கி ‘ஏன்?’ என வினவுதல் எளிய சோதனையாகும். அவ்வினாவுக்கு விடையாகும் தொடரின் முன் ‘பிகாஸ்’ நிற்கிறதா எனக் காண வேண்டும். விடை பெயர்த்தொடராயின் ‘பிகாஸ் ஆஃப்’ வர வேண்டும். அறிமுகமான தொழிற்சூழலின் தொடர்களைக் கொண்டு இதனைப் பயிற்றுவித்தால், மாணவர் காரணம் எது, காரியம் எது என்பதை முன்னரே அறிந்திருப்பர். ஆதலின் அவர்தம் கவனம் முழுதும் இணைப்புச்சொல்லின் இடத்தில் நிலைக்கும்.