முதல் மாதத்தின் வரவு செலவு

2024–25ஆம் ஆண்டில் இந்தியாவில் சட்டப்படி தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் 4,515. அவர்களில் 360 பேர் வெளிநாடு போனார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் மொத்தம் 4,009, வெளிநாட்டுக்கு 449. வெளிநாடு என்றதும் இத்தாலிய, ஸ்பானியத் தம்பதிகள்தான் நினைவுக்கு வருவார்கள். டல்லாஸிலும் லண்டனிலும் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் தத்தெடுத்தாலும் அது இந்தக் கணக்கில்தான் சேரும்.

ராஜகீழ்ப்பாக்கத்துக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. தாம்பரம்–வேளச்சேரி சாலையின் குறுக்குத் தெருக்களில், ஓய்வு பெற்ற அப்பா அம்மா கீழ்வீட்டில் இருக்க, மகனுக்கென்று கட்டிய மாடி பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய. தத்துக் குழந்தை கைக்கு வந்தபின் விமானம் ஏறும்வரை அந்த மாடிதான் வீடு. மத்திய தத்து வள ஆணையமான காரா தடையில்லாச் சான்று தர 10 நாள். அது வந்ததும், தத்து ஆணைக்குக் காத்திருக்கும் காலத்தில் குழந்தையைத் தற்காலிக வளர்ப்பில் இந்தியாவுக்குள்ளேயே வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆணைக்குச் சட்டம் வைத்த கெடு 2 மாதம். 2022 செப்டம்பர் 1 முதல் நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே ஆணை பிறப்பிக்கிறார். பிறகு இணக்கச் சான்றிதழுக்கு 3 வேலை நாள், பாஸ்போர்ட், விசா. ஆக, அந்தப் பிள்ளை அப்பா அம்மாவோடு ஒட்டுவதா வேண்டாமா என்று பார்க்கிற முதல் எட்டு வாரம் இங்கேயே கழியக்கூடும்.

முதலில் பணக் கணக்கு. 2017ஆம் ஆண்டு விதிமுறையின் கட்டணப்படி, உள்நாட்டுப் பெற்றோருக்கு வீட்டு ஆய்வு 6,000 ரூபாய், குழந்தைப் பராமரிப்பு நிதி 40,000, பின்தொடர் வருகை ஒன்றுக்கு 2,000 வீதம் நான்குக்கு 8,000. மொத்தம் 54,000. வெளிநாட்டில் வாழ்பவர்களுக்குப் பராமரிப்பு நிதி மட்டும் 5,000 டாலர். அன்றைய 65 ரூபாய் மதிப்பில் 3,25,000. அந்த நாட்டு முகமையின் கட்டணம், விமானச் செலவு எல்லாம் தனி.

குழந்தை வந்தபின் ஆகும் செலவைப் போட்டால் சிரிப்பு வரும். ஒரு வயதுக் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். ஆவின் நீல பாக்கெட் தினம் அரை லிட்டர், 20 ரூபாய், மாதம் 600. டயாப்பர் நாளைக்கு ஐந்து, ஒன்று 12 ரூபாய் என்றால் 1,800. சத்துமாவு, முட்டை, வாழைப்பழம், சோப்பு, எண்ணெய்க்கு உத்தேசமாக 1,500. டாக்டர், தடுப்பூசி நீங்கலாக 4,000 ரூபாய்க்குள் மாதம் முடிந்துவிடும். குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் குழந்தைக்கு ‘மிஷன் வாத்சல்யா’ திட்டம் தரும் பராமரிப்புத் தொகை மாதம் 3,000. அதாவது ஒரு நாளைக்கு 100 ரூபாய். பால், துணி இரண்டிலும் இல்லத்துக்கும் வீட்டுக்கும் பெரிய தூரம் இல்லை. தூரம் ஆள் கணக்கில்தான் இருக்கிறது.

பத்துக் குழந்தைகள் உள்ள தத்து மையத்துக்கு அரசுத் திட்டம் அனுமதிக்கும் ஆயாக்கள் ஆறு பேர். மூன்று ஷிப்ட் போட்டால் ஒரு நேரத்தில் இரண்டு பேர். யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது, யாரும் தீபாவளிக்கு லீவு கேட்கக்கூடாது. அப்போதுதான் இந்த இரண்டும் தேறும். ஓர் ஆயாவுக்கு ஐந்து குழந்தைகள். கைக்குழந்தைக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் என்றால் எட்டு மணி நேர ஷிப்டில் தலைக்கு மூன்று தடவை, மொத்தம் பதினைந்து. மடியில் வைத்து நிதானமாகக் கொடுக்க ஒரு தடவைக்கு 20 நிமிடம். பதினைந்துக்கு 300 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம். மிச்சம் மூன்று மணி நேரத்தை ஐந்தால் வகுத்தால் குழந்தைக்கு 36 நிமிடம். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, மருந்து கொடுப்பது, படுக்கையை அலசுவது எல்லாம் இதற்குள். ஆயா ஒரு பால் புட்டியைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த குழந்தையிடம் ஓடினால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வகுத்தல் கணக்கு அப்படி.

அங்கிருந்து வரும் குழந்தை ராஜகீழ்ப்பாக்கத்து மாடியில் நாலு ராத்திரி அழாமல் தூங்குகிறது. “தங்கமான புள்ள, சத்தமே இல்ல” என்று பாட்டி கீழ்வீட்டுத் திண்ணையில் பெருமையாகச் சொல்கிறார். நடுராத்திரி எட்டிப் பார்த்தால் பிள்ளை முழித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி கிடக்கிறது. பசி இருக்கிறது, டயாப்பர் நனைந்திருக்கிறது, ஆனால் குரல் இல்லை. அழுதால் ஆள் வரும் என்ற பாடம் அதற்கு வாய்க்கவில்லை. அனுபவப்பட்ட சமூகப் பணியாளர்கள் அழாத பிள்ளையைக் கண்டால்தான் கவலைப்படுவார்கள். இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ அது ராத்திரி இரண்டு மணிக்கு வீடே அதிர அழுதால், பாட்டிக்குப் பயம். பணியாளர்களுக்கு அது வரவு.

ருமேனியாவில் 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. புகாரெஸ்ட் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். இரண்டு வயதுக்கு முன் வீடு மாறியவர்களிடம் ஒட்டுதல் தெளிவாக மேம்பட்டிருந்தது. அப்படிப் பார்த்தால் வெளிநாடு போகும் நம் குழந்தைகளின் நிலை கொஞ்சம் சிக்கல். 2017 விதிப்படி, உள்நாட்டில் யாரும் ஏற்காத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை 60 நாளுக்குப் பின்பே வெளிநாட்டு வரிசைக்குப் போகும். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களும் உடன்பிறந்தவர்களும் 30 நாளில். உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர்கள் 15 நாளில். வயது கூடிய பிள்ளையும் சிகிச்சை தேவைப்படும் பிள்ளையும் அந்த வரிசையில் முன்னால் நிற்பது இதனால்தான். 2022 ஜூன் நிலவரப்படி, ஒப்புதல் பெற்றுக் காத்திருந்த பெற்றோர் 28,501 பேர். தத்துக்குத் தயாராக இருந்த குழந்தைகள் 3,596, அவர்களில் 1,380 பேர் சிறப்புத் தேவை உள்ளவர்கள்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆயா பேசிய தமிழ் உண்டு. தமிழ் தெரியாத தம்பதி பசி, தண்ணி, உச்சா, தூக்கு, வலிக்குது, வேணாம் என்ற ஆறு சொல்லையாவது வாயில் பழக்கிக்கொண்டு வந்தால் முதல் வாரம் பாதி லேசாகும். டல்லாஸ் போய் இறங்கினால் பத்தரை மணி நேரமோ பதினொன்றரை மணி நேரமோ வித்தியாசம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாள் என்ற பொதுக் கணக்கில், தூக்கம் சரியாகவே பத்துப் பன்னிரண்டு நாள் ஓடிவிடும்.

அதற்கு விடுப்பு வேண்டும். ஸ்வீடனில் ஒரு குழந்தைக்கு 480 நாள், தத்துக்கும் அதே. பிரிட்டனில் 52 வாரம். அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல். அதில் எட்டு வாரம் ராஜகீழ்ப்பாக்கத்தில் போனால் ஊர் போய்ச் சேரும்போது கையிருப்பு நான்கு வாரம். இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மகப்பேறு சட்டத் திருத்தம் தத்தெடுக்கும் தாய்க்கும் 12 வாரம் கொடுத்தது, ஆனால் குழந்தை மூன்று மாதத்துக்குட்பட்டதாக இருக்க வேண்டும் என்று எல்லை வைத்தது. பெற்றவர் ஒப்படைத்த குழந்தையாக இருந்தால், அவர் மனம் மாறச் சட்டம் தரும் அவகாசமே 60 நாள். தத்தெடுக்கும் பெற்றோர் தேர்ந்தெடுக்க 48 மணி நேரம், ஒப்புக்கொள்ள 30 நாள். கூட்டினால் 92. பிறந்த அன்றே ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்கும் எல்லை தாண்டிவிட்டது. இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்த யாரும் அந்தப் பிரிவை எழுதியிருக்க முடியாது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது.

திரும்பி வந்த குழந்தைகளின் கணக்கும் உண்டு. 2014–15இல் தத்துப் போனவர்கள் 4,362, திரும்பியவர்கள் 387. நூற்றுக்கு ஒன்பது பேர். 2018–19இல் 4,027க்கு 133. நூற்றுக்கு மூன்று சொச்சம். ஐந்து ஆண்டுகளைக் கூட்டினால் 19,781க்கு 1,104. விகிதம் இறங்கியது நல்ல செய்திதான். இருந்தாலும் பெரிய பிள்ளைகளை இல்லம் தயார் செய்து அனுப்பவில்லை, பெற்றோருக்கு ஆலோசனை போதவில்லை என்ற காரணங்கள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. இரண்டுமே ஆரம்ப நாட்களின் வேலை.

அந்த நாட்களில் வீட்டுக்கு யார் வருகிறார்கள்? சித்தி, அத்தை, மாமா, எதிர்வீட்டு அக்கா எல்லோரும் வருகிறார்கள். ஆளுக்கொரு தடவை தூக்கிக் கொஞ்சுகிறார்கள். ஏற்கெனவே ஷிப்டுக்கு ஷிப்ட் கை மாறிய பிள்ளை அது. முதல் ஒரு மாதமாவது பால் கொடுப்பதும் குளிப்பாட்டுவதும் தூங்க வைப்பதும் அப்பா அம்மா கையில் மட்டும் இருக்கட்டும், பாட்டி சமையலைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பார்கள் இந்தத் துறையினர். பேரனுக்கோ பேத்திக்கோ பல வருடம் காத்திருந்த பாட்டியிடம் இதை மருமகள் சொன்னால் வீடு இரண்டாகும். சொல்வதற்கு வெளியாள் ஒருவர் வேண்டும்.

பின்தொடர் வருகைக்கு வரும் பணியாளர்தான் அந்த வெளியாள். அவர் எப்போது வருகிறார் என்பதுதான் என் சண்டை. 1984ஆம் ஆண்டு லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு போகும் குழந்தைக்கு முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த மூன்று ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒன்று எனப் பின்தொடர் அறிக்கை கேட்டது. மொத்தம் 14. இன்று முதல் ஆண்டில் நான்கு, இரண்டாம் ஆண்டில் இரண்டு, ஆக ஆறு. அதுவும் குழந்தை அந்த நாட்டில் காலடி வைத்த தேதியிலிருந்து எண்ணிக்கை. இங்கே எட்டு வாரம், அங்கே மூன்று மாதம் என்றால் முதல் அறிக்கை 21ஆம் வாரத்தில். உள்நாட்டுக் குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு ஒன்று வீதம் இரண்டு ஆண்டில் நான்கு. முதலாவது 26ஆம் வாரத்தில். அழாத இரவுகளும் பாட்டியோடு மனஸ்தாபமும் அதற்குள் எப்போதோ முடிந்திருக்கும், அல்லது முற்றியிருக்கும்.

எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லவில்லை. தேதியை முன்னால் தள்ளினால் போதும். வெளிநாட்டுக் குடும்பம் ராஜகீழ்ப்பாக்கத்தில் தங்கியிருக்கும்போதே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினால், தாம்பரத்தில் இறங்கி கேம்ப் ரோடு வழியாகப் பஸ்ஸில் வந்து காலைக் குளியல் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். உள்நாட்டுப் பெற்றோருக்கு இரண்டாம் வாரம் ஒன்று, ஆறாம் வாரம் ஒன்று, ஓராண்டு முடிவில் ஒன்று, ஈராண்டு முடிவில் ஒன்று. அதே நான்கு வருகை, அதே 8,000 ரூபாய்.