பிதுங்கிய பசையை எப்போது அகற்றலாம்?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. தச்சுப் பட்டறையிலுள்ள பசைக்கும் இது பொருந்தும் என்றால் தோழியருக்கு வியப்பாக இருக்கலாம்.

நாம் அமரும் நாற்காலியைப் பாருங்கள். அதன் காலில் துளையும் சட்டத்தில் கழுந்தும் செதுக்கி, பசை பூசி இணைக்கிறார்கள். கிளாம்ப் போட்டு இறுக்கும்போது மிஞ்சிய பசை விளிம்பில் சிறு முத்துகளாகப் பிதுங்கும். இது நல்ல அடையாளமே. உள்ளே பசை போதுமான அளவு பரவியிருக்கிறது என்று பொருள். ஆனால் அதை அப்படியே விட்டுவிட்டால் மரத்தின் நுண்துளைகள் அடைபட்டு, அங்கே சாயம் இறங்காது. பாலிஷ் போட்டதும் தேமல் போல வெளிறிய திட்டுத் தெரியும். மறுபடியும் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பாலிஷ் போட வேண்டும். பேசிய கூலிக்கு வேலை செய்பவருக்கு வீணாகும் அந்த ஒரு நாள், அவர் வீட்டு அரிசிச் செலவு அல்லவா?

அப்படியானால் உடனே துடைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். இங்குதான் பசையின் தன்மையை அறிய வேண்டும். தச்சர்கள் இன்று பெரிதும் பயன்படுத்தும் வெள்ளைப் பசையின் மூலப்பொருள் பாலிவினைல் அசிடேட். 1912-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் கிளாட்டே இதைக் கண்டறிந்தார். பசையிலுள்ள நீர் மரத்திலும் காற்றிலும் கலந்து வற்ற, எஞ்சிய நுண்துகள்கள் ஒன்றுசேர்ந்து இறுகுகின்றன.

ஈரமாக இருக்கும்போது ஈரத்துணியால் துடைத்தால், பசை நீர்த்துப்போய் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். மரத்தின் நார்களும் சிலிர்த்து எழும். முற்றிலும் காய்ந்தபின் உளியால் பெயர்த்தால், பசையோடு மரச் சிம்பும் பிய்ந்து வரும். ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடங்களில் பசை ரப்பர் போல ஆகும். அதுவே தக்க தருணம். அப்போது உளியைப் படுக்க வைத்து மெல்லத் தள்ளினால் நாடாவைப் போல உரிந்து வரும். வெயில் நாளில் இந்தத் தருணம் சற்று முன்னதாகவே வந்துவிடும்.

உளி நுழையாத உள்மூலைகளில், பசை பூசுவதற்கு முன்பே விளிம்பை ஒட்டிக் காகித நாடா ஒட்டிவிட்டால், பிறகு நாடாவோடு பசையையும் உரித்துவிடலாம்.

விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரத்தின் குணமோ வேறு. அது காய்ந்த பின்னும் வெந்நீரில் இளகும். ஆகவே வெந்நீரில் பிழிந்த துணியே போதும். பழுது பார்க்கும்போது பிரிக்க வசதியாக இருப்பதால், வயலின் செய்வோர் இன்றும் இவ்வகைப் பசையையே விரும்புகின்றனர்.

பாலிஷ் போடுமுன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பார்ப்பது நன்று. மரம் முழுவதும் கருக்கும்போது, பசை படிந்த இடம் மட்டும் வெளிறி நிற்கும்.

தோழியரே, உங்கள் மேசையின் மூலையை ஒருமுறை தடவிப் பாருங்கள். திட்டின்றி வழுவழுப்பாக இருந்தால், பெயர் அறியாத ஒரு தச்சர் அவசரப்படாமலும் அசட்டையாக இராமலும் அந்த அரைமணி நேரம் காத்திருந்தார் என்று அறியுங்கள்.

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு