சொந்த வீடு – 14: காகிதத்தின் மேல் விழுந்த வரி

யு.டி.எஸ். என்று தரகர்கள் செல்லமாய் அழைக்கும் பிரிக்கப்படாத நிலப்பாகத்தைப் பற்றிச் சென்ற இரண்டு வாரங்களாகப் பேசினோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்வார்களாக. இவ்வாரம் ஜி.எஸ்.டி.யைப் பிரஸ்தாபிப்பதாக வாக்களித்திருந்தேன். ஆயினும் முத்திரைத் தீர்வையின் பூர்வோத்தரத்தைத் துருவப் புகுந்தவனுக்கு அதை விட்டு வெளியேற மனம் வரவில்லை.

ஸ்பெயினோடு நெடும்போர் நடத்திக் கஜானா வறண்டு நின்ற ஹாலந்து, குடிகளின் கோபத்துக்கு அதிகம் ஆளாகாத ஒரு புதிய வரியைத் தேடி, 1624ஆம் ஆண்டில் முத்திரையிட்ட காகிதத்தைக் கண்டுபிடித்தது. சர்க்கார் முத்திரை விழாத பத்திரம் செல்லாது என்று விதித்துவிட்டால், வரி கட்டுகிறவனே அதைத் தேடி வந்து கட்டுவான் அல்லவா? பிரான்சோடு யுத்தம் நடத்தப் பணம் தேவைப்பட்ட இங்கிலாந்து 1694இல் இதே உபாயத்தை நான்கே ஆண்டுகளுக்கென்று கைக்கொண்டது. அந்த நான்கு ஆண்டுகள் இன்னும் முடிந்தபாடில்லை! 1765இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் மீது அதைச் சுமத்தப் போய், மறு ஆண்டே திரும்பப் பெற்றுக்கொண்ட ஆங்கிலேயர், 1797இல் வங்காளத்தில் சுமத்தினர்; இங்கே ஒருவரும் கலகம் செய்யவில்லை. 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டந்தான், எத்தனையோ திருத்தங்களோடு, ஆவடிச் சார்பதிவாளர் அலுவலகத்தின் நீண்ட பெஞ்சில் டோக்கனோடு காத்திருக்கும் பக்கத்துப் பருத்திப்பட்டுவாசியை இன்றும் ஆளுகிறது.

இந்தப் புராணத்தை இவ்வளவு விஸ்தரித்ததற்கு ஒரு காரணம் உண்டு. இத்தீர்வை பிறந்த நாள் முதல் காகிதத்தின் மீது விழுவதேயன்றி, கொடுக்கல் வாங்கலின் மீது விழுவதன்று. ஒரே வீட்டை இரண்டு காகிதமாக எழுதினால் இரண்டு விதமான தீர்வை. நம்மூர்க் கட்டுமானக்காரர்கள் ஹாலந்து தேசத்துச் சரித்திரத்தைப் படியாமலே இந்த சூட்சுமத்தை அறிந்து வைத்திருந்தார்கள். கட்டி முடியுமுன் வாங்குகிறவருக்கு மண்ணின் பாகத்துக்கு மட்டும் ஒரு கிரயப் பத்திரம். எழும்பப் போகும் சுவருக்கும் கூரைக்கும் ஒரு கட்டுமான ஒப்பந்தம். 2023 மார்ச் வரையில் முன்னதற்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 11 சதவிகிதம், பின்னதற்கு 2 சதவிகிதம். 45 லட்ச ரூபாய் வீட்டில் நிலப்பாகம் 12 லட்சம் என்று வைத்துக்கொண்டால், மொத்தச் செலவு 1,98,000 ரூபாய். அதே வீட்டை முழுமையாக ஒரே கிரயமாய் எழுதினாலோ 4,95,000. முடியாத வீட்டை நம்பிக்கையின் பேரில் வாங்கியவனுக்குச் சட்டம் பெயரிடாமலே அளித்து வந்த சலுகை இது.

சர்க்கார் அதைப் படிப்படியாகச் சுருக்கியது. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பை ஏற்றிப் பதிவுக் கட்டணத்தை 4லிருந்து 2 சதவிகிதமாகக் குறைத்தார்கள். ஜூலையில் கட்டுமான ஒப்பந்தத்தின் பதிவுக் கட்டணத்தை 1லிருந்து 3 ஆக்கினார்கள். டிசம்பரில் நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் ஒரே பத்திரம் என்று முடித்தார்கள். முதல் விற்பனையானால், பதிவுக் கட்டணம் உட்பட, 50 லட்சம் வரை 6 சதவிகிதம், 3 கோடி வரை 7, அதற்குமேல் 9. நம் 45 லட்ச வீட்டுக்கு இப்போது 2,70,000 ரூபாய். 50 லட்சத்துக்கு 3,00,000 கட்டுகிறவர் 51 லட்சமானால் 3,57,000 கட்ட வேண்டும். ஒரு லட்சம் கூடியதற்கு 57,000 ரூபாய் அபராதம்போல் வந்து சேர்வது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் என் பிரதான ஆட்சேபம் வேறு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், புதிதாய்க் கட்டிய வீட்டை வாங்குகிறவர் பதிவு செய்த 92 நாளுக்குள் குடிபுகுந்து, முதலாண்டு முடியும்வரை அங்கேயே வசித்தால், 11 லட்சம் கனடிய டாலர் மதிப்புவரை சொத்து மாற்று வரியே இல்லை. குடியிருப்பவன் எவன், வாடகைக்கு விடுபவன் எவன் என்று அந்தச் சட்டம் விசாரிக்கிறது. நம் சட்டம் விசாரிப்பதில்லை. பருத்திப்பட்டு ஏரியைத் தூர்வாரிக் கரையில் பசுமைப் பூங்கா அமைத்த 2019க்குப் பின், ஏரியைப் பார்த்த பால்கனி என்று விளம்பரித்து விற்கப்படும் வீடுகளில், கடன் வாங்கி ஒரு வீட்டில் ஒண்டிக்கொள்ளும் ஆலைத் தொழிலாளியும், முதலீட்டுக்கென்று நான்கு வீடுகளை வாங்கிப் பூட்டி வைக்கும் தனவந்தரும் சமமாகவே 6 சதவிகிதம் கட்டுகிறார்கள். சோஷலிச பாணிச் சமுதாயமே லட்சியம் என்று காங்கிரஸ் மகாசபை 1955இல் தீர்மானம் நிறைவேற்றியது கூப்பிடு தூரத்து ஆவடியில்தான் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆளைப் பார்த்து அளிக்கும் சலுகை ஒன்று 2025 ஏப்ரலில் வந்தது: பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்குட்பட்ட சொத்தைப் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைவு. நோக்கம் சிலாக்கியமானதே, எனினும் பத்து லட்சத்துக்குப் புது அடுக்ககம் பருத்திப்பட்டில் எங்கே கிடைக்கும்? அந்த வரம்பை உயர்த்துவதும், சொந்தமாகக் குடியிருக்க முதல் வீடு வாங்குகிறவருக்கென்று தனி விகிதம் வகுப்பதும் சர்க்காருக்கு அசாத்தியமான காரியங்கள் அல்ல.

ஜி.எஸ்.டி. அடுத்த வாரத்துக்குப் போயிற்று. முடியாத வீட்டுக்கு உண்டு, நிறைவுச் சான்றிதழ் பெற்ற வீட்டுக்கு இல்லை என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொண்டு, முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள் அந்தச் சான்றிதழின் தேதியைக் கேட்டு வைப்பார்களாக.