வெறுந்தேத்தண்ணியும் சத்திரசிகிச்சையும்

"நாளைக்கு ஒபரேஷன். ராத்திரி 12 மணிக்குப் பிறகு ஒண்டும் வாயில படக்கூடாது." பித்தப்பைக் கல்லை அகற்ற உம்மாவை அனுமதித்திருந்தபோது வார்ட்டில் சொன்னது இது. அவரைத் தியேட்டருக்குக் கொண்டுபோனதோ மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு. 14 மணித்தியாலம். நாக்கு வரண்டு, தலையிடியோடு, "ஒரு மொடக்குத் தண்ணியாவது தாங்க மகள்" என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை. நான் செய்தது சரிதானா என்று தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில், ஏன் வெறும் வயிறு? நாம் விழித்திருக்கும்போது தண்ணீர் தவறி மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் உடனே புரையேறி இருமுகிறோம். அந்த இருமல்தான் நுரையீரலின் காவல். முழு மயக்கத்தில் அந்தக் காவலும் உறங்கிவிடும். இரைப்பையில் உள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் இறங்கினால், உணவுத் துண்டு மூச்சை அடைக்கும். அமிலம் நுரையீரலைப் புண்ணாக்கும். நியூயோர்க்கின் மகப்பேற்று வைத்தியர் கேர்ட்டிஸ் மெண்டல்சன் 1946இல் இதை விளக்கமாக எழுதினார். அவர் ஆராய்ந்த 44,016 பிரசவங்களில் 66 தாய்மாருக்கு இப்படி நேர்ந்திருந்தது. பிற்காலத்தில் 'நள்ளிரவுக்குப் பின் எதுவும் வேண்டாம்' என்ற கட்டளை எங்கும் வேரூன்றியது.

ஆனால் சோறும் தண்ணீரும் இரைப்பையில் ஒரே நேரம் தங்குவதில்லை. தண்ணீர் விரைவாக இறங்கிவிடும். அதனால் 1999இல் அமெரிக்க மயக்கமருந்து வைத்தியர் சங்கம் நேரங்களைப் பிரித்து வகுத்தது. தெளிந்த பானத்துக்கு 2 மணித்தியாலம், தாய்ப்பாலுக்கு 4, இலேசான உணவுக்கு 6, பொரித்ததற்கும் இறைச்சிக்கும் 8 அல்லது அதற்கு மேல். வெறுந்தேத்தண்ணி தெளிந்த பானம். பால் தேத்தண்ணி அப்படியல்ல. பால் வயிற்றில் திரைந்து உணவாகிவிடுவதால் அதற்கு 6 மணித்தியாலம். பிள்ளைகளுக்குத் தெளிந்த பானத்தை 1 மணித்தியாலம் முன்புவரை கொடுக்கலாம் என்று 2022இல் ஐரோப்பிய வழிகாட்டல் இன்னும் தளர்த்தியது.

மஃரிபு பாங்கு சொன்ன பிறகும் நோன்பை நீட்டினால் நன்மை கூடாது என்பது நமக்குத் தெரியும். இங்கேயும் அப்படித்தான். தண்ணீரைத் தேவைக்கு மேல் நிறுத்துவதால் பாதுகாப்பு கூடுவதில்லை. தாகமும் களைப்பும்தான் கூடுகின்றன. டென்மார்க்கின் சத்திரசிகிச்சை நிபுணர் ஹென்றிக் கெஹ்லெட் 1990களில் தொடக்கிவைத்த 'விரைந்து குணமாக்கும்' முறையிலும், நோயாளியை நீண்ட நேரம் பட்டினி போடாதிருப்பது ஓர் அங்கமாயிற்று.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே தண்ணீர் குடித்துவிடக் கூடாது. அவசர சத்திரசிகிச்சை, குடல் அடைப்பு, கடும் நெஞ்செரிவு, நாட்பட்ட நீரிழிவு, பிரசவ வேளை ஆகியவற்றில் இரைப்பை மெதுவாகவே காலியாகலாம். நீரிழிவுக்கும் உடல் எடை குறைப்புக்கும் வாரம் ஒரு முறை போடும் செமாகுளுடைட் ஊசியும் இரைப்பையைத் தாமதப்படுத்தும். அதைப் போடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் வயிற்றை ஸ்கேன் செய்து, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கும் வழக்கமும் இப்போது பரவி வருகிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது மறைப்பதுதான். பிள்ளை அழுகிறதே என்று ஒளித்து ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு, "ஒண்டும் சாப்பிடல்ல டொக்டர்" என்று சொல்லும் பாசம் உயிரோடு விளையாடுவதாகும். உண்மையைச் சொன்னால் ஒபரேஷன் சில மணித்தியாலம் பிந்தும், அவ்வளவுதான்.

முதல் நாளே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எங்கட முறை எத்தனை மணிக்கு வரும்? தண்ணீர் எதுவரைக்கும் குடிக்கலாம்? காலையில் போடும் குளிசைகளை என்ன செய்வது? நேரம் பிந்தினால் தாதியிடம் மறுபடியும் கேளுங்கள்.

அன்று உம்மாவுக்கு நானாகத் தண்ணீர் கொடுக்காதது சரிதான். எழும்பிப் போய் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தேனே, அதுதான் பிழை.