பாட்டியின் படமும் நண்பகல் சூரியனும்

வாலாஜாபாத் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.8 பாகையில் உள்ளது. ஆகவே ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் அங்கே தலைக்கு நேர் மேலே நிற்கும். அவ்வேளையில் பாட்டியை முற்றத்தில் நிறுத்திப் படம் எடுத்தால் என்ன ஆகும்? புருவத்தின் நிழல் கண்களை மறைத்துவிடும். பின்னாளில் பாட்டியை நினைவுகூர அந்த ஒரு படமே வீட்டில் மிஞ்சலாம். அதில் கண்கள் தெரிய வேண்டாமா?

அவரை வாசற்படிக்கு உள்ளே, நிழலில் அமர்த்துங்கள். வாசல் அவருக்கு ஒரு பக்கமாக இருக்கட்டும். அகன்ற வாசல் வழியே வானொளி பரவி வருவதால் நிழலின் விளிம்பு மென்மையாகும். இருண்ட கன்னத்தின் அருகே வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால், அது ஒளியைத் திருப்பி அனுப்பும். உடலைச் சற்றே வாசல் பக்கம் திருப்பி, முகத்தை மட்டும் உங்களை நோக்கச் சொல்லுங்கள். கைப்பேசியை அவர் கண் மட்டத்தில் பிடியுங்கள்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது? மூக்கு நுனியைவிடக் காது சுமார் 12 செ.மீ. பின்னால் இருக்கிறது. 30 செ.மீ. தூரத்தில் எடுத்தால், காதோடு ஒப்பிட மூக்கு உள்ளதைவிட 1.4 மடங்கு பெருத்துத் தெரியும். 150 செ.மீ. தள்ளி நின்றாலோ 1.08 மடங்குதான்! ஆகவே தள்ளி நின்று எடுத்து, வேண்டாத ஓரங்களைப் பிறகு வெட்டுங்கள். மணிக்கட்டு, முழங்கை போன்ற மூட்டுகளில் வெட்டாதீர்கள். கை துண்டானதுபோல் தோன்றும்.

இரு தூரங்களிலும் எடுத்து நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.