வேலை நின்றால் வீடும் போகும்



பால்மரமும் செம்பனையும் நமக்குச் சோறு போட்டன. சொந்தக் கூரை தரவில்லை. வேலை நின்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். அன்றைக்கு நம் கையில் இருப்பது 1951-இல் தொடங்கிய ஊழியர் சேமநிதிதான்.

கணக்கைப் பார்ப்போம். 1,700 வெள்ளிச் சம்பளத்தில் நம் பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. ஆக மாதம் 408 வெள்ளி. 2024 மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்டவர்களுக்கு இது மூன்றாகப் பிரிகிறது: ஓய்வுக்காலக் கணக்குக்கு 306, செஜாதரா கணக்குக்கு 61.20, பிளெக்சிபல் கணக்குக்கு 40.80.

பிளெக்சிபல் பணத்தை எப்போதும் எடுக்கலாம். அதுதான் ஆபத்து. "ஐம்பது வெள்ளிதானே, எடுத்துக்கலாம்"னு கைத்தொலைபேசித் தவணைக்கும் பண்டிகைத் துணிக்கும் எடுத்துடறோம். தொடாமல் விட்டால், இலாப ஈவு சேர்க்காமலே 20 ஆண்டில் 9,792 வெள்ளி!

நாம் செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று, சம்பளச் சீட்டையும் சேமநிதிக் கணக்கறிக்கையையும் ஒத்துப் பாருங்கள். பிடித்த பணத்தைக் கட்டாதது முதலாளியின் குற்றம். உடனே சங்கத்தில் சொல்லுங்கள்.

இரண்டு, வாரிசுப் பெயரைப் பதியுங்கள்.

மூன்று, செஜாதரா பணத்தை வீடு வாங்க எடுக்கலாம். கை கால் ஓடும்போதே கணவனும் மனைவியும் கூடிப் பேசுங்கள்.

55 வயதில் முழுப் பணத்தையும் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. இருக்கும் பணத்துக்கு ஈவு தொடர்ந்து வரும். உழைத்த காசு, நிதானமாகச் செலவழிப்போம்.