சுவரில் ஒரு சதுரம்

வீட்டுச் சுவரில் நாள்காட்டியும் தெய்வப் படமும் மாட்டுவது நம் வழக்கம். அங்கே வெறும் கோடும் வட்டமுமாய் ஓர் ஓவியத்தை மாட்டினால், "இது என்ன படம்?" என்று வீட்டார் கேட்பர். விடை நம் வாசலிலேயே உள்ளது. புள்ளிக் கோலம் எப்பொருளின் உருவம்? ஒழுங்கே அதன் அழகு. நம் மாவட்டத்துப் பழவேற்காட்டின் பெயரால் கடல் கடந்த கட்டத் துணியும் அத்தகையதே.

மேனாட்டு ஓவியர் சிலர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வழியை நாடினர். ருஷ்யரான மாலெவிச் 1915-இல் தம் 'கறுப்புச் சதுர'த்தை, அந்நாட்டு இல்லங்களில் திருவுருவம் வைக்கும் மேல் மூலையிலேயே மாட்டினார். ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியைச் சேர்ந்த காண்டின்ஸ்கி, பால் கிளே ஆகியோரின் படைப்புகள் 1922-இல் கல்கத்தாவிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன.

அச்சுப்படியைத் தேர்வது எப்படி? சாமான் நிறைந்த சிற்றறைக்கு, வெண்மை மிகுந்து சில கோடுகளே உள்ள மோந்திரியான் படம் பொருந்தும். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் பகலெல்லாம் இரும்புச் சட்டங்களையே பார்த்துத் திரும்புபவருக்கு மீண்டும் நேர்கோடு எதற்கு? காண்டின்ஸ்கியின் 'பல வட்டங்கள்' (1926) அவர் கண்ணுக்கு ஓய்வு தரும். பாயில் அமரும் வீடாயின் படத்தைச் சற்றுத் தாழ்வாக மாட்டுக. நேர்வெயில் சாயத்தை வெளுக்கும். ஈரச்சுவர் தாளைக் கெடுக்கும். கண்ணாடி தாளில் ஒட்டாதிருக்க, இடையே அட்டை விளிம்பு வைத்துச் சட்டமிடுக.

விலையோ பெயரோ அளவுகோல் அன்று. நாள்தோறும் பார்த்தும் சலிக்காததே நம் வீட்டுக்குரிய படம். கோலமிடும் அன்னையரிடமே கருத்துக் கேளுங்கள், நண்பர்களே! அவர்கள் கண் தவறாது.